இடது கொக்கி

மார்ச் 4

கப்பல்காரர் இன்று மறுபடியும் வந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வீடு வாடகைக்குப் பார்க்க வந்தவர் மாதிரி லாரியைச் சுற்றிச் சுற்றி வந்தார். காலம் முழுக்கக் கப்பலின் எஞ்சின் அறையில் இருந்தவர். இப்போது தரையில் ஓடுகிற எஞ்சின் ஒன்று வேண்டுமாம். முன்பக்கம் நீண்ட பழைய மூக்கு லாரி என்றால் அவருக்கு உயிர். எல்லாம் பிடித்திருக்கிறது, ஆனால் ஓடும் நிலையில் கொடுத்தால்தான் எடுத்துக்கொள்வேன் என்கிறார்.

ஓடாததற்கு ஒரே காரணம் எக்ஸாஸ்ட், எஞ்சின் புகை வெளியே போகிற குழாய். எஞ்சினை அண்ணன் முழுக்கப் பிரித்துக் கட்டி முடித்துவிட்டான். விரிசல் விட்ட பழைய வார்ப்பிரும்புக் குழாயைக் கழற்றி மூலையில் போட்டான். அதற்குப் பதில் கையால் ஹெடர் செய்ய வேண்டும். ஆறு சிலிண்டருக்கு ஆறு குழாய், மும்மூன்றாகச் சேர்ந்து இரண்டாகி, வண்டிக்கு அடியில் ஒன்றாகி வெளியே போக வேண்டும். அதற்கு அளவெடுத்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம்தான், 'டீ குடிச்சிட்டு வரேன்' என்று எழுந்து போனான். மூன்று வருஷம் ஆகப் போகிறது. இன்னும் டீ குடிக்கிறான்.

அவன் போன் மேசை மேல் இருந்தது. வேலைக்குப் போடும் பூட்ஸ் இருந்தது. செருப்பு மட்டும் இல்லை. போலீஸ், ஆஸ்பத்திரி, பேப்பரில் போட்டோ என்று நாங்கள் தேடாத இடம் இல்லை.

ராத்திரி சாப்பாட்டின்போது அண்ணி சொன்னாள், இங்கே மருந்துக்கடையில் பில் போடுகிறவளுக்கு அவளுடைய அக்கா ஊரிலும் ஒரு மருந்துக்கடையில் வேலை தயாராக இருக்கிறதாம், தங்க இடமும் பார்த்தாயிற்றாம். "அந்த வண்டி இங்க நிக்கிற வரைக்கும் என்னால கிளம்ப முடியாது. நீ அதை முடிச்சுக் குடு. வித்துட்டு நான் போறேன்."

சரி என்றேன். வேறு என்ன சொல்ல? மூன்று வருஷமாக வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் அடுப்பை அணைத்துவிட்டு ஓடுகிறவள் அவள். அவள் போக வேண்டியதுதான். ஆனால் எனக்கு அவள் போக வேண்டாம். வண்டியும் போக வேண்டாம். இதை இங்கே மட்டும் எழுதிவைக்கிறேன்.

மார்ச் 6

குழாய் வந்து இறங்கியது. நேர்க்குழாய் கொஞ்சம், வளைவுகள் நிறைய. இவற்றை வெட்டித் துண்டாக்கி, ஒவ்வொரு துண்டையும் கொஞ்சம் சாய்த்து ஒட்டி, ஸ்டியரிங்கில் இடிக்காமல், சட்டத்தில் உரசாமல், ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுடாமல், ஆறும் கிட்டத்தட்ட ஒரே நீளத்தில் கீழே வந்து சேர வேண்டும். ஆறு பேரை ஒரே கட்டிலில் படுக்க வைக்கிற கதைதான்.

வேலை மேசையைத் துடைத்தேன். தரையில் போல்ட் போட்டு இறுக்கிய இரும்பு மேசை, அண்ணன் செய்தது, யானை வந்து தள்ளினாலும் நகராது. அதன் அடியில் கால் வைத்துக்கொள்ள ஒரு கம்பி. ஒரு முனை விட்டுப்போய்த் தொங்குகிறது. அவன் இருந்தபோதே விட்டது. 'நாளைக்கு வச்சிடறேன் சுண்டு' என்று தினமும் சொல்வான். அண்ணனும் தங்கையுமாக ஊருக்கெல்லாம் வெல்டிங் வைக்கிற பட்டறையில் எங்கள் கம்பிக்கு மட்டும் அந்த 'நாளை' வரவில்லை. நான் உட்கார்ந்தால் அரை நிமிஷ வேலை. செய்ய மாட்டேன். அவன்தான் வைக்க வேண்டும். செங்கல் ஒன்றை முட்டுக்கொடுத்திருக்கிறேன். தினம் ஒரு தடவை அதில் தடுக்கி அவனைத் திட்டுகிறேன். எங்களுக்குள் பேச்சு விட்டுப்போகாமல் இருக்க அது ஒரு வழி.

வெல்டிங் டார்ச் மாட்டச் சுவரில் இரண்டு கொக்கி. வலது என்னுடையது. இடது அவனுடையது, அவன் இடது கைக்காரன். இடது கொக்கியை நான் தொடுவதில்லை.

மார்ச் 10

முதல் இரண்டு குழாய் நின்றுவிட்டது. வேலை ஒரே மாதிரிதான். துண்டை எஞ்சினில் வைத்துப் பார், பொட்டளவு வெல்டிங்காக ஒரு டேக் போட்டு நிறுத்து, கழற்று, மேசை இடுக்கியான வைஸில் பிடித்து இன்னும் இரண்டு மூன்று டேக் போடு, திரும்ப மாட்டு, அடுத்த துண்டு. ஒரு நாளைக்கு எத்தனை தடவை கழற்றி மாட்டுகிறேன் என்பது முதுகுக்குத்தான் தெரியும்.

ஷட்டர் பாதி திறந்திருந்தால் காற்று குழாயின் வாயில் பட்டு முனகுகிறது. இரண்டு குழாய்க்கு இரண்டு குரல். உட்கார்ந்து கேட்டால் யாரோ அடுத்த அறையில் பேசுகிற மாதிரி இருக்கிறது, சொல் மட்டும் புரியவில்லை.

மார்ச் 13

நிதானமாக எழுதப் பார்க்கிறேன்.

ஆர்கான் வெல்டிங்கில் கோடு மீன் செதில் மாதிரி அடுக்கடுக்காகப் படியும். செதில் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று பார்த்தால், கை எங்கே தொடங்கி எங்கே போனது என்று சொல்லிவிடலாம். நான் வலது கை. என் கோடு வலமிருந்து இடமாக ஓடும். அண்ணனுடையது இடமிருந்து வலமாக. கையெழுத்து மாதிரி. இருட்டில் விரலால் தடவியே எது யாருடையது என்று சொல்லிப் பந்தயம் கட்டியிருக்கிறோம்.

சாப்பிட்டுவிட்டு வந்து மூன்றாவது குழாயைத் துடைத்தேன். அதன் இரண்டாவது இணைப்பில், நகத்தளவுக் கோடு ஒன்று. இடமிருந்து வலமாக ஓடியிருக்கிறது.

மறுபடி பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். லைட்டைப் பிடித்துப் பார்த்தேன்.

பிறகு ஷட்டரை இழுத்து மூடிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். வேறு எதுவும் செய்யத் தோன்றவில்லை.

மார்ச் 14

காலையில் இன்னும் இரண்டு கண்டுபிடித்தேன். முதல் குழாயில் ஒன்று, மூன்றாவதில் இன்னொன்று. எல்லாம் இடமிருந்து வலம்.

டயர் கடைக்காரர் எதிர்க்கடையிலிருந்தே கேட்டார், நேற்று நான் சாப்பிடப் போகவில்லையா என்று. போனேனே என்றேன். "போனியா? உள்ள மெஷின் ஓடிட்டு இருந்துச்சே. நீதான் இருக்கேன்னு நினைச்சு நான் கூப்பிடல." சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு டியூப்பைத் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்க்கப் போய்விட்டார். ஒரு மனுஷன் வாயில் எவ்வளவு சாதாரணமாக வருகிறது.

சாப்பிட்டுத் திரும்பி வந்து குழாயைத் தொட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது. நான் டார்ச்சை வைத்துவிட்டுப் போய் ஒரு மணி நேரம் ஆகிறது.

மார்ச் 17

வேண்டுமென்றே மூன்றாவது குழாயின் கடைசி இணைப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் போனேன். போகும்போது மூன்று டேக். வந்து பார்த்தால் நான்கு.

மூன்றுதானா? மூன்றுதான். எண்ணிப் பார்க்கவில்லை, ஆனால் மூன்றுதான்.

அண்ணா, வந்தா உக்காந்துட்டுப் போயேன். நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். எங்கே போனேன்னு கேக்க மாட்டேன்.

மார்ச் 18

அண்ணியிடம் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, வா போகலாம் என்றாள். பட்டறைக்கு வந்து, நான் காட்டிய கோட்டின்மேல் சுட்டுவிரலை வைத்து, குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி வைத்துக்கொண்டே நின்றாள்.

"உனக்கு நல்லாத் தெரியுமா?"

"என் அண்ணன் கை எனக்குத் தெரியாதா, அண்ணி?"

இது நான் சொன்னது. இந்த வாய் சொன்னது.

வீட்டுக்குத் திரும்பிக் கதவைத் திறக்கும்போது கேட்டாள், மெலிந்திருப்பாரா என்று.

மார்ச் 20

அண்ணி அவளுடைய அக்காவுக்குப் போன் போட்டு, இப்போதைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டாள். நான் பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டே கேட்டேன். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். வெட்கமாக இருக்கிறது, ஆனால் சந்தோஷம்தான். என்னைக் கட்டியவன் இனி ஒத்து வராது என்று ஒரு பையோடு அனுப்பியபோது, ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காமல் பையை வாங்கி உள்ளே வைத்தவன் அண்ணன். எனக்கென்று இருப்பது இந்த வீடும் இந்தப் பட்டறையும்தான். இரண்டும் இப்போதைக்குக் கலையாது.

கப்பல்காரரிடம் எதையோ சொல்லித் தள்ளிப்போட்டேன். வேலை இழுக்கிறது என்றேன். "கப்பல்லயும் எல்லா எஞ்சினியரும் இதையேதான் சொல்லுவோம்" என்று சிரித்துவிட்டுப் போனார்.

மார்ச் 24

அண்ணி மத்தியானம் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பட்டறைக்கு வருகிறாள். நான் வீட்டுக்குச் சாப்பிடப் போகும் நேரம் அவள் இங்கே. லாரியின் கால்படியில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் உட்காரும் நாளில் புதிதாக எந்தக் கோடும் வருவதில்லை.

"நான் இருந்தா வர மாட்டேங்கறாரு" என்கிறாள். அதில் கோபம் இல்லை. புதுப் பெண்டாட்டியின் வெட்கம் மாதிரி என்னவோ இருந்தது.

மார்ச் 25

இன்றைக்கு அண்ணி எதிர்த்தாற்போல டயர் கடையின் ஓரத்தில் நின்று பார்த்தாளாம். ஷட்டரை ஒரு ஆள் குனிந்து நுழைகிற உயரத்துக்கு விட்டுவிட்டு. அண்ணனின் சட்டையை இஸ்திரி போட்டுக் கொண்டுவந்து கதவோரம் மாட்டியிருக்கிறாள். காற்று வரும்போது அது மெல்ல ஆடுகிறது. நான்காவது குழாயைத் துடைத்துக்கொண்டிருந்த என் கை அடிக்கடி நின்றுபோயிற்று.

நான்காவது குழாய்க்கும் குரல் வந்துவிட்டது. தாழ்ந்த குரல்.

மார்ச் 28

அண்ணி தட்டில் சோறு போட்டு மூடிப் பட்டறை மேசை மேல் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்திருந்தாள். நான்தான் முதலில் திரும்பி வந்தேன். மூடி தள்ளிக் கிடந்தது. தட்டு காலி.

மேசை மேல் தேய்த்த இரும்புத்தூள் படிந்திருக்கும். அதில் பூனையின் காலடிகள் ஒழுங்காக வரிசையாகப் போயிருந்தன. நான் துணியை எடுத்து மேசையைத் துடைத்தேன். ஏன் துடைத்தேன்? தூசி என்றா? இல்லை. எனக்கே நன்றாகத் தெரியும்.

அண்ணி வந்து தட்டைப் பார்த்தாள். இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். கழுவிக்கொண்டே பாடினாள். அவள் பாடி நான் கேட்டதே இல்லை.

மார்ச் 31

அண்ணி இங்கே தான் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் இனி வரவில்லை என்று சொல்லிவிட்டாளாம். "அவரு வர்ற நேரத்துல நான் அங்க பில் போட்டுட்டு இருந்தா எப்படி?"

வீட்டில் குரலைத் தாழ்த்திப் பேசுகிறாள். யாரோ தூங்குகிற வீடு மாதிரி. கட்டிலில் இரண்டு தலையணை. காலையில் பார்க்கிறேன், இரண்டாவதிலும் குழிவு இருக்கிறது. அவளே கையால் அழுத்தி வைத்திருப்பாள். அவளேதான்.

சோறு அவளுக்கு இறங்குவதில்லை. முகம் மட்டும் பளபளவென்று இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது, வெளிப்படையாகவே சொல்கிறேன், அண்ணனை நினைத்து இல்லை. இவளை நினைத்து.

ஏப்ரல் 1

மத்தியானம் சாப்பிடப் போகாமல் பட்டறையிலேயே இருந்தேன். ஷட்டரை மூடி, விளக்கை அணைத்து, லாரிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். யாரும் வரவில்லை. ஆனால் திடீரென்று மெஷின் ஓடத் தொடங்கியது.

காற்றுக் கம்ப்ரஸர். எங்கேயோ கசிகிறது. அழுத்தம் இறங்கியதும் தானாக ஓடிக் காற்றை நிரப்பிக்கொண்டு நிற்கிறது. டயர் கடைக்காரர் கேட்டது இதுதான். அவர் காதுக்கு எல்லா மெஷினும் ஒன்றுதான்.

கூரையில் ஒரு தகடு மட்டும் கண்ணாடித் தகடு. அந்த நேரத்தில் வெயில் சரியாக அதன் வழியே இறங்கி எஞ்சின் மேல் விழுகிறது. குழாய் சூடாகாமல் என்ன செய்யும்.

சரி. சத்தம் போயிற்று, சூடு போயிற்று. கோடு இருக்கிறதே. கோட்டுக்கு என்ன சொல்வாய்?

ஏப்ரல் 3

கோட்டுக்கும் பதில் கிடைத்துவிட்டது.

ஐந்தாவது குழாய். எஞ்சினில் வைத்து நிறுத்தினேன், கழற்றினேன், வைஸில் பிடித்தேன், என் கையால், என் கண் முன்னால், ஒரு டேக் போட்டேன். வலமிருந்து இடம். சூடு ஆறும் முன்னே கழற்றி எஞ்சினில் மாட்டினேன். பார்த்தால் இடமிருந்து வலம்.

வைஸில் தலைகீழாகப் பிடித்திருக்கிறேன். அவ்வளவுதான். தலைகீழாகப் பிடித்து ஒட்டியதை நேராக மாட்டினால் கோடு எதிர்ப்பக்கமாகத்தான் ஓடும். காகிதத்தைத் திருப்பிப் பிடித்தால் எழுத்து தலைகீழாகத் தெரிகிற மாதிரி. இது எனக்குத் தெரியாதா? வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் தெரிந்துவிடுகிற விஷயம். எப்படி வசதியோ அப்படிப் பிடித்துத்தான் இத்தனை வருஷமாக ஒட்டுகிறேன். என் வேலை எல்லாவற்றிலும் இரண்டு பக்கமும் ஓடுகிற கோடு இருக்கும். இதுவரை உட்கார்ந்து பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியம் வரவில்லை. அவசியம் வந்தபோது, என்ன வேண்டுமோ அதைப் பார்த்தேன்.

எல்லாம் நான். முதலிலிருந்து கடைசி வரை நானேதான்.

எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியவில்லை. அவன் போன அன்று கூட இப்படி அழவில்லை. அன்று திரும்பி வருவான் என்று இருந்தது.

இனி அண்ணியிடம் எப்படிச் சொல்வது.

ஏப்ரல் 4

சொல்ல முடியவில்லை. வாசலில் கோலாட்டம் மாதிரி போய்ப் போய் வந்தேன்.

ஏப்ரல் 5

சொல்லிவிட்டேன்.

பட்டறைக்குக் கூட்டிப்போய், அவள் கண் முன்னால் ஒரு துண்டை வைஸில் பிடித்து, முகமூடியை அவளுக்குப் போட்டு, ஒட்டிக் காட்டினேன். பிறகு கழற்றித் திருப்பிக் காட்டினேன். மறுபடி திருப்பினேன். அவள் சின்னப் பிள்ளை பாடம் கேட்கிற மாதிரி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். தட்டில் சாப்பிட்டது பூனை என்பதையும் சொன்னேன். காலடியைத் துடைத்தது நான்தான் என்பதையும் சொன்னேன்.

லாரியின் கால்படியில் போய் உட்கார்ந்தாள். அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பொய்யா சொன்ன?"

"இல்ல அண்ணி. தப்பாப் பாத்துட்டேன். எனக்கு அப்படிப் பாக்கணும்னு இருந்துச்சு."

"எனக்கும்தான் இருந்துச்சு" என்றாள். கதவோரம் தொங்கிய சட்டையை எடுத்து மடித்தாள். காலரைச் சரிசெய்து, கையை உள்ளே மடக்கி, பொறுமையாக. "பரவால்ல. இந்தக் கொஞ்ச நாள் நான் புருஷனோட இருந்தேன். அது போதும். இனி நீ எதைப் பாத்தாலும் எங்கிட்ட சொல்லாத. சத்தியம் பண்ணு."

பண்ணினேன்.

"என்னை ஒரு தடவைதான் எழுப்ப முடியும்" என்றாள். "மறுபடி எழுப்பினா நான் தூங்கவே மாட்டேன்."

ஏப்ரல் 9

அண்ணியின் அக்கா வீட்டில் நல்லவேளை கதவு திறந்தே இருக்கிறது. அந்த ஊர் மருந்துக்கடை வேலையும் இன்னும் போகவில்லையாம். மாதக் கடைசிக்குள் வந்தால் போதுமாம்.

நான் ஆறாவது குழாயை முடித்தேன். மும்மூன்றாகச் சேர்கிற இடம் இரண்டையும் கட்டினேன். மூன்று வட்டம் சேரும் நடுவில் ஒரு சின்ன முக்கோண ஓட்டை விழும். என் கைதான் அதற்குள் போகும், அண்ணனின் கை போகாது. அந்த ஓட்டைக்காகவே என்னைக் கடவுள் படைத்தான் என்று சொல்வான். அடைத்தேன்.

ஏப்ரல் 11

முழு ஹெடரையும் கழற்றி மேசையில் கவிழ்த்து வைத்து, டேக்குகளுக்கு மேலே முழு வெல்டிங் ஓட்டினேன். அந்தக் கோடுகள் எல்லாம் அடியில் போய்விட்டன. ஒவ்வொன்றின் மேலும் டார்ச் போகும்போது கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் போனேன்.

ஏப்ரல் 15

வண்டி பேசிவிட்டது.

கப்பல்காரர், டயர் கடைக்காரர், அண்ணி எல்லோரும் வாசலில். நான் சாவியைத் திருப்பினேன். இரண்டு தடவை இருமியது. மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. ஆறு குழாயும் ஒரே வரிசையில், ஒன்று விடாமல், ஒன்று முந்தாமல். மெல்லிய, வயிற்றில் கேட்கிற சத்தம். தனித்தனியாக முனகிக்கொண்டிருந்தவை எல்லாம் சேர்ந்து ஒரு குரலாகிவிட்டன. இதைத்தான் அவன் கேட்க ஆசைப்பட்டான்.

கப்பல்காரர் லாரியின் மூக்கின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடி நின்றார். "இந்தச் சத்தம் கேட்டா நான் கப்பல்ல நிம்மதியாத் தூங்கிடுவேன்" என்றார்.

அண்ணி சிரித்தாள். உண்மையான சிரிப்பு. கொஞ்சம் அழுகையும் இருந்தது.

ஏப்ரல் 17

வண்டி போயிற்று. தெரு முனை திரும்பும் வரை கேட்டது. திரும்பிய பிறகும் கேட்டது.

லாரி நின்ற இடத்தில் தரை வேறு நிறமாக இருக்கிறது.

ஏப்ரல் 20

அண்ணி போய்விட்டாள். இரண்டு பெட்டி, ஒரு பை. அண்ணனின் சட்டையை எடுத்துக்கொள்ளவில்லை. பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாக என் கன்னத்தைக் கிள்ளி, நேரத்துக்குச் சாப்பிடு என்றாள். என்னைப் பார்க்க ஒரு ஆள் இருந்தாள், அவளும் போனாள். அதுதான் சரி. சரியாக இருப்பதெல்லாம் ஏன் இப்படி வலிக்கிறது?

ஏப்ரல் 22

வேலை இல்லை. பட்டறையைப் பெருக்கினேன். கம்ப்ரஸரின் கசிவை அடைத்தேன். இப்போது சத்தமே இல்லை.

ஏப்ரல் 26

காலையிலிருந்து விடாத மழை. தெருவில் ஈ காக்கை இல்லை. டயர் கடைகூடத் திறக்கவில்லை. காலையில் ஒரு கேட்டுக்குக் கீல் வைத்துக் கொடுத்தேன். டார்ச்சை வலது கொக்கியில் மாட்டினேன். ஷட்டரை முழுக்க இறக்கிப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். இதெல்லாம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எழுதும்போது மறுபடி மறுபடி யோசித்துப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

திரும்பி வந்து பூட்டைத் திறந்தேன். வெயில் இல்லாததால் உள்ளே சாம்பல் நிறமாக இருந்தது. தலையைத் துவட்டிக்கொண்டு ஸ்டூலை இழுத்து மேசை முன்னால் உட்கார்ந்தேன். எப்போதும் போலத் தொங்கும் கம்பியைத் தாண்டிக் காலை நீட்டப் போனேன். கால் எதிலோ உட்கார்ந்தது. உறுதியாக. அசையவில்லை.

குனிந்து பார்த்தேன்.

செங்கல் சுவரோரம் நேராகச் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. கம்பி நேராக இருக்கிறது. விட்டுப்போன முனையில் புது வெல்டிங். துரு இல்லை, தூசி இல்லை, ஓரத்தில் சூட்டில் ஏறிய நீலமும் வைக்கோல் நிறமும் அப்படியே. தரையில் உட்கார்ந்து டார்ச் லைட் அடித்துப் பார்த்தேன். செதில் செதிலாக, அழகாக, அவசரமில்லாமல் ஓடியிருக்கிறது. இடமிருந்து வலம்.

மேசை தரையோடு போல்ட் போட்டது. அதைத் திருப்ப முடியாது. கம்பியைத் திருப்ப முடியாது. எந்தப் பக்கம் போய்ப் பார்த்தாலும் அது இடமிருந்து வலம்தான். நான் எல்லாப் பக்கமும் போய்ப் பார்த்துவிட்டேன்.

நிமிர்ந்தபோதுதான் சுவரைப் பார்த்தேன். டார்ச் இடது கொக்கியில் தொங்குகிறது.

ஷட்டர் ஓரம் போய் நின்றேன். தெருவில் மழை மட்டும். அண்ணா என்று கூப்பிட வாயைத் திறந்தேன். கூப்பிடவில்லை.

அப்போது மேசை மேல் போன் அடித்தது. போய் உட்கார்ந்து எடுத்தேன். அண்ணி. நேற்று முதல் நாள் வேலை முடிந்ததாம், கடை பெரிய கடையாம், கூட வேலை செய்கிற பெண் ஒருத்தி எதற்கெடுத்தாலும் சிரிக்கிறாளாம். நன்றாகத் தூங்கினேன் என்றாள். அவள் குரல் தெளிவாக இருந்தது, கழுவி வைத்த பாத்திரம் மாதிரி. பிறகு கேட்டாள், கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்கிற குரலில்.

"அங்க எல்லாம் எப்படி? ஏதாவது...?"

"ஒண்ணும் இல்ல அண்ணி. மழை பெய்யுது. வேற என்ன இருக்கப் போகுது இங்க."

"சரி" என்றாள். மூச்சு விட்டது கேட்டது. "சாப்பிட்டியா?"

சாப்பிட்டேன் என்றேன். பேசி முடிக்கும் வரை இரண்டு காலையும் அந்தக் கம்பியின் மேல்தான் வைத்திருந்தேன்.